முதிரையும் குடம்பியும்: வன்னிநிலத்து இயற்கையறிவின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வண்ணத்துப்பூச்சி விலங்கியலாளருக்குரிய ஆய்வுப்பொருள் என்பது நம் பல்கலைக்கழகங்களில் நிலைபெற்றுவிட்ட ஒரு பாகுபாடு. இலக்கிய மாணவன் ஒருவன் அதனைப் பற்றி எழுதப் புகுவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், ஒரு சமுதாயம் தன் சுற்றாடலில் வாழும் உயிர்களுள் எதனைக் கண்டது, எதனைக் காணாது விட்டது, கண்டதை எப்பெயரால் அழைத்தது, அப்பெயரையும் அறிவையும் பின்னர் எவர் கையகப்படுத்தினர் ஆகியன விலங்கியலின் வினாக்கள் அல்ல. சமூக வரலாற்றின் வினாக்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பை நிலைக்களனாகக் கொண்டு, வண்ணத்துப்பூச்சியின் குடம்பிக்கும் அது உண்ணும் தாவரத்துக்குமுள்ள உறவு எவ்வாறு அறியப்பட்டும் மறைக்கப்பட்டும் வந்துள்ளது என்பதை இக்கட்டுரை நோக்குகின்றது.

உயிரியற் செய்தியை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுதல் நன்று. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என நான்கு நிலைகளைக் கொண்டது வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை. சிறகுடைய நிறையுடலி பல்வேறு பூக்களிலும் தேனருந்தும். சேற்றிலிருந்து உப்பும் உறிஞ்சும். குடம்பிக்கு அவ்வுரிமை இல்லை. பெரும்பாலான இனங்களின் குடம்பிகள் ஒரு தாவரக் குடும்பத்தையோ, ஒரு சில இனங்களையோ, சிலவேளை ஒரேயொரு மரத்தையோ மட்டுமே உண்டு வளர வல்லன. எனவே தாய்ப்பூச்சி தான் உண்ணாத இலையைத் தேடியே முட்டையிட வேண்டியுள்ளது. அது முன்னங்கால்களால் இலையைத் தட்டி, அதன் வேதிச் சுவையை உணர்ந்து, பின்னரே முட்டையை ஒட்டுகின்றது. ஏறத்தாழ 250 வண்ணத்துப்பூச்சி இனங்கள் இலங்கையிற் பதிவு செய்யப்பட்டுள்ளன. இவை ஒவ்வொன்றின் இருப்பும் ஏதோவொரு தாவரத்தின் இருப்பினால் நிர்ணயிக்கப்படுகின்றது.

வன்னியிலே இவ்வுறவுகளைக் காண்பதற்குக் காட்டின் நடுவே செல்லவேண்டுவதில்லை. வளவிலுள்ள தேசியிலும் கறிவேப்பிலையிலும், வேலியோரத்து விளாத்தியிலும், பற்றையிலுள்ள குருந்திலும் பாப்பிலியோ என்னும் பேரினத்தின் குடம்பிகள் வளர்கின்றன. ஆவரசிலும் கொன்றையிலும் இளமஞ்சட் பூச்சிகளின் குடம்பிகள். எருக்கலையில் வரிப்புலிபோன்ற செம்மஞ்சட் பூச்சியின் குடம்பி. குளத்தின் அலைகரையோரத்து நீர்முள்ளியிலும் பொடுதலையிலும் சிறகில் மயிற்கண் தாங்கிய பூச்சியின் குடம்பி. மாவிலங்கில் வெண்சிறகின் நுனி செம்மஞ்சளாய் அமைந்த பெரும்பூச்சியின் குடம்பி. சேனையில் விளையும் பயற்றங்காயைத் துளைத்து உள்ளிருந்து உண்பதும் ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் குடம்பியே. நெற்பயிரின் இலையைச் சுருட்டி அதனுள் வாழும் குடம்பிகளும் உள. வன்னியின் ஊர்ப்பெயர்கள் பல மரங்களின் பெயர்கள் என்பது யாவரும் அறிந்தது: புளியங்குளம், மாங்குளம், பூவரசங்குளம், குமுழமுனை, ஒதியமலை. கிளிநொச்சியில் நொச்சி உள்ளது. வவுனியா நகரின் பழைய பெயரே வவுனியா விளாங்குளம் என்பதாகும். மரத்தைக்கொண்டு இடத்தை அறிந்த மக்கள், அம்மரத்தை உண்ணும் உயிர்களை அறியாதிருந்தனர் எனக் கொள்வது கடினம்.

இவற்றுள் ஓர் உறவை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்ளலாம். முதிரை மரம் தமிழகத்திற் புரசு, பொரசு என வழங்குவது; தென்னிந்தியாவுக்கும் இலங்கையின் வறண்ட வலயத்துக்கும் பொதுவானது; தாவரவியலார் குளோரொக்சிலன் என்பர். பாலை, வீரை, கருங்காலி ஆகியவற்றோடு சேர்ந்து வன்னிக்காட்டை வன்னிக்காடாக ஆக்குவது இதுவே. கரிய சிறகின் குறுக்கே பச்சையும் நீலமும் கலந்த ஒளிர்பட்டை ஒன்றைக்கொண்ட பாப்பிலியோ கிறைனோ எனும் அழகிய பூச்சிக்கு இலங்கையில் முதிரையிலையே குடம்பிப் பருவத்து உணவு. இளங்குடம்பி பறவை எச்சம் போலத் தோன்றும். முதிர்ந்தபின் இலையோடிலையாகப் பச்சை நிறங்கொள்ளும். சீண்டினால் தலைக்குப் பின்புறமிருந்து கவை வடிவான உறுப்பொன்றை நீட்டி மணத்தைப் பரப்பும். இப்பூச்சி வறண்ட வலயத்துக்குரியதாக இருப்பதன் காரணத்தை அதன் சிறகில் தேடிப் பயனில்லை. முதிரையின் பரம்பலிலேயே தேடல் வேண்டும்.

இதில் அறிவின் வரலாற்றுக்குச் சுவைதரும் செய்தியொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தாவரவியல் நூல்கள் முதிரையை வேம்பின் குடும்பத்தில் வைத்தன. பிற்கால ஆய்வு அதனைத் தேசி, விளா, குருந்து முதலியன அடங்கிய குடும்பத்துக்கு மாற்றியது. பாப்பிலியோ குடம்பிகளுட் பல இக்குடும்பத்துத் தாவரங்களையே உண்பன என்பதை மேலே கண்டோம். எனவே, இலண்டனிலும் கியூவிலும் உலர்ந்த மாதிரிகளை வைத்து வகுத்தோர் தவறவிட்ட உறவை, இலையை உண்ணும் குடம்பி தவறவிடவில்லை. குடம்பிக்கு அறிவுண்டு என்பதன்று கருத்து. இலையின் வேதியியல் என்பது ஒரு பொருளியல் உண்மை. அவ்வுண்மையோடு நாள்தோறும் தொழிற்படும் உயிரின் நடத்தை, அதனை வெளியிலிருந்து நோக்குவோனின் வகைப்பாட்டைத் திருத்த வல்லதாகின்றது.

தாவரங்கள் தம்மை உண்போரிடமிருந்து தப்புவதற்கு நஞ்சையும் கசப்பையும் உருவாக்குகின்றன. பூச்சிகளுட் சில அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. பெற்றபின் அந்நஞ்சே அவற்றுக்கு உணவின் அடையாளமாகவும் சிலவேளை கவசமாகவும் மாறுகின்றது. 1964 இல் போல் ஏர்லிக், பீற்றர் றேவன் ஆகிய இருவரும் வண்ணத்துப்பூச்சிகளின் உணவுத் தாவரங்களைத் தொகுத்து ஆராய்ந்து இதனை இணைப்பரிணாமம் எனும் கோட்பாடாக விளக்கினர். இயக்கவியலை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. எதிர்மறைகள் ஒன்றையொன்று நிர்ணயித்தும் மாற்றியும் முன்செல்லும் இயக்கத்தை இயற்கையிற் காண முயன்ற எங்கெல்சின் குறிப்புகள் அவர் இறந்து முப்பதாண்டுகளின் பின், 1925 இலேயே அச்சாயின. உயிரி, சூழலின் வெறும் விளைபொருள் அன்று. அது தன் சூழலை ஆக்கும் செய்வினை முதலுமாகும் என றிச்சட் லெவின்சும் றிச்சட் லெவொன்ரினும் 1985 இல் வெளிவந்த இயக்கவியல் உயிரியலாளன் பற்றிய நூலில் நிறுவினர். இதே உறவை 1979 இல் டோக்கின்சு, கிறெப்சு என்போர் ஆயுதப்போட்டி எனும் உருவகத்தால் விளக்கியமை, பனிப்போர்க்கால அரசியற் சொல்லாட்சி உயிரியலுட் புகுந்தமைக்குச் சான்றாகும். உருவகங்கள் அப்பாவித்தனமானவை அல்ல என்பதை இலக்கிய மாணவர்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

உருவகம் பற்றிப் பேச நேர்ந்ததால் நம் இலக்கிய மரபையும் இவ்விடத்து நோக்கலாம். சங்கச் செய்யுட்களின் தாவர அறிவு வியக்கத்தக்கது. குறிஞ்சிப்பாட்டில் மட்டும் 99 பூக்கள் நிரல்படுத்தப்பட்டுள்ளன. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பூவை நாடும் பூச்சிகளுக்கும் பெயர்கள் பல. ஆனால் வண்ணத்துப்பூச்சியையே குறிப்பதென ஐயமறத் துணியத்தக்க சொல்லை அச்செய்யுட்களிற் காண்பது அரிது. அதனினும் கருதத்தக்கது, பூவுக்கும் வண்டுக்கும் உள்ள உறவு அகத்திணையின் மையப் படிமங்களுள் ஒன்றாக அமைய, இலைக்கும் புழுவுக்கும் உள்ள உறவு அத்தகுதியைப் பெறாமையாகும். திணைக் கோட்பாட்டின் பொருளாதார அடிப்படைகளைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் எடுத்துக்காட்டிய பின்னர், இயற்கையை வெறும் பின்னணியெனக் கொள்ளும் வழக்கம் தளர்ந்துள்ளது. அவ்வழியிற் சிந்தித்தால், பூவும் தேனும் நுகர்வின் படிமங்கள் என்பதும், இலை தின்று உடல் வளர்க்கும் பருவம் உழைப்பின் பருவம் என்பதும் புலனாகும். புலவர் மரபு எதனைக் காணத் தேர்ந்தது என்பதிலே அதனைப் புரந்தோரின் பார்வை படிந்திருப்பது இயல்பே. இது முடிந்த முடிபன்று. எனினும் தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலவில்லை.

புழு நம் சிந்தனை மரபில் முற்றாக இடம்பெறவில்லை என்றும் கூறிவிட முடியாது. வேதாந்தத்திலே பிரமரகீட நியாயம் எனவும், தமிழிலே வேட்டுவனும் புழுவும் எனவும் வழங்கும் உவமை ஒன்றுண்டு. பாகவத புராணத்திலும் அது பயின்றுள்ளது. குளவி ஒரு புழுவைப் பிடித்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டுகின்றது. புழு அச்சத்தால் குளவியையே இடைவிடாது நினைந்து குளவியாகவே மாறுகின்றது. அதுபோல அடியான் ஆண்டவனையோ மாணவன் குருவையோ நினைந்து அவ்வடிவெய்துகின்றான் என்பர். உண்மையில் நிகழ்வது யாது? குளவி மயிர்க்கொட்டியையோ வேறு புழுவையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டில் வைத்து, அங்கு முட்டையும் இடுகின்றது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு உயிரோடு கிடக்கும் புழுவைத் தின்று வளர்கின்றது. கூட்டிலிருந்து குளவி வெளிவருவது மெய். உள்ளே சென்ற புழு அதுவன்று. உண்ணப்பட்டதை உயர்வு பெற்றதாக விளக்குவதற்குக் கருத்துமுதல்வாதம் கண்ட உவமைகளுள் இதனைவிடத் தெளிவானது பிறிதில்லை. ஆண்டான் அடிமை உறவு நிலவிய சமுதாயத்திலே, விழுங்கப்படுதலை ஒன்றாதல் எனக் கொண்டாடும் தத்துவம் எவர்க்குப் பயன்பட்டது என்பது வெளிப்படை. நல்வாய்ப்பாகச் சாதாரண மக்களின் மொழி வேறு வகையிலே தொழிற்பட்டது.

ஆடுதின்னாப்பாளை என்ற பெயரை எண்ணிப்பார்க்கலாம். ஈசுரமூலியின் உறவான இச்சிறுகொடி வறண்ட நிலங்களிற் படர்வது. இடையன் ஒருவன் தன் மந்தை எதனை உண்கிறது, எதனை விலக்குகிறது என்பதை நாள்தோறும் கண்டு வைத்த பெயர் இது. ஆடு விலக்குவதற்குக் காரணமான அரிசுத்தொலொக்கியா அமிலங்கள் மனிதரிடத்துச் சிறுநீரகச் சிதைவையும் புற்றுநோயையும் ஏற்படுத்துவன என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பாவில் மூலிகை மருந்துண்டோர் நோயுற்றபோது உறுதியாயிற்று. கருஞ்சிறகும் குருதிச்செம்மையான உடலும் கொண்ட பூச்சியொன்று ஆடு தின்னாத இதனையும் ஈசுரமூலியையுமே தின்று வளர்ந்து, அந்நஞ்சைத் தன்னுடலிற் சேமித்துப் பறவைகளிடமிருந்து தப்புகின்றது. பாக்குநீரிணைக்கு இருபுறமும் கூட்டமாகப் பறப்பதும் இதுவே. பெயர் வைத்த இடையனுக்கு அமிலத்தின் பெயர் தெரியாது. ஆனால் உயிருக்கும் இலைக்குமுள்ள உறவையே தாவரத்தின் வரைவிலக்கணமாகக் கொண்ட பெயர் அவன் தொழிலிலிருந்து பிறந்தது. வன்னிப் பரியாரிமாரின் மூலிகை அறிவும் இத்தகையதே. ஈசுரமூலி பாம்புக்கடிக்குப் பயன்பட்டது. அதன் தீங்கை இன்று அறிந்திருக்கும் நாம் பழைய மருத்துவத்தை அவ்வாறே போற்றவேண்டும் என்பதற்கில்லை. அவ்வறிவு எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு கருதற்பாலது.

பூச்சியின் பெயரிலும் சமூகம் உறைகின்றது. எழுத்து வழக்கில் வண்ணத்துப்பூச்சி எனப்படுவது ஈழத்துப் பேச்சில் வண்ணாத்திப்பூச்சி. தென்தமிழகத்தில் அது பாப்பாத்தி. வண்ணம் என்ற சொல் வண்ணாத்தியாகத் திரிந்ததோ, வண்ணாத்தி எழுத்து வழக்கிலே வண்ணமாகத் திருத்தப்பட்டதோ என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் தீர்க்கட்டும். ஒரே பூச்சிக்கு, சாதி அடுக்கின் இரு முனைகளிலும் உள்ள பெண்களின் பெயர்கள் வாய்த்திருப்பது கவனத்துக்குரியது.

ஐரோப்பாவில் குடம்பியையும் அதன் தாவரத்தையும் ஒருங்கே தீட்டிக்காட்டியோருள் முதன்மையானவர் மரியா சிபில்லா மேரியன் என்னும் பெண்மணி. 1699 இல் ஒல்லாந்தரின் குடியேற்றமான தென்னமெரிக்கச் சூரினாமுக்குச் சென்று அவர் தீட்டிய ஓவியங்கள் 1705 இல் நூலாயின. ஒவ்வோர் ஓவியத்திலும் செடி, அதனை உண்ணும் புழு, கூடு, சிறகுடைய பூச்சி ஆகிய யாவும் ஒன்றாக உள்ளன. கரும்புத் தோட்டச் சொந்தக்காரர் தன் ஆர்வத்தை எள்ளினர் என்பதையும், செவ்விந்தியரும் ஆபிரிக்க அடிமைகளும் தனக்குத் துணைசெய்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நம் வளவுகளில் அழகுக்காக நடப்படும் மயிற்கொன்றைக்கு அவர் எழுதிய குறிப்பு தனித்துவமானது. தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறத்தலாகாது என்பதற்காக அடிமைப் பெண்கள் அதன் விதையால் கருவைக் கலைத்தனர் எனவும், இதனை அவர்களே தனக்குக் கூறினர் எனவும் அவர் பதிந்துள்ளார். பூச்சி நூலொன்றின் நடுவே அடிமைமுறையின் குற்றப்பத்திரிகை கிடைப்பது எதிர்பாராத ஒன்றே. இலையைப் பார்க்கக் கற்றவர், இலையோடு வாழும் மனிதரையும் பார்த்தார்.

அவருக்குப் பின் வந்த அறிவியல் இவ்வழியே செல்லவில்லை. 1758 இல் லினேயசு பெருஞ்சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகளைத் துரோயர் எனவும் அக்கேயர் எனவும் இரு அணிகளாக்கி, ஓமரின் காவிய மாந்தரின் பெயர்களை இட்டார். நெஞ்சிற் குருதிச்செம்மை உடையன துரோயராயின. மேற்கூறிய ஆடுதின்னாப்பாளைப் பூச்சி இவ்வாறே எக்டர் ஆயிற்று. தேசியிலும் கறிவேப்பிலையிலும் வளரும் வேறொரு பூச்சியின் பெண்ணுக்குப் பிரையம் மன்னனின் இன்னொரு மகனான பொலிற்றீசின் பெயர் கிடைத்தது; அதே இனத்தின் ஆணைப் பம்மன் எனும் வேறோர் இனமாக அவர் வகுத்தார். அவ்வினப் பெண்களுட் சில, நஞ்சுடைய எக்டரைப் போல வேடம் பூண்டு பறவைகளை ஏமாற்றுகின்றன. குத்தி உலர்த்திய உடல்களை மட்டும் கண்டவருக்கு இது புலப்படவில்லை. வெவ்வேறு வடிவிலான பெண்கள் ஒரே இனத்தவை என்பதை அல்பிரட் றசல் வொலசு 1860களில் விளக்கினார். கறிவேப்பிலையிற் கிடக்கும் குடம்பிகளைக் கூட்டில் வைத்து வளர்க்கும் எவருக்கும் ஒரே வகைப் புழுவிலிருந்து மூவகைப் பூச்சி வெளிப்படுவது கண்கூடு. ஆனால் சேகரிப்போரின் மதிப்பு சிறகுக்கே இருந்தது. வங்கிமுதலின் அரசர்களான றொத்சைல்ட் குடும்பத்து வோல்டர் றொத்சைல்ட் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பூச்சிகளைத் திரட்டியது, மூலதனக் குவிப்பு பூச்சிப்பெட்டிக்குள்ளும் தன் விதிப்படி இயங்கியமைக்கு உதாரணம்.

இலங்கையிலோ, நிலைமை சற்று வேறுபட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை 1849 முதல் 1880 வரை வகித்த துவைற்சு, பூச்சிகளையும் அவற்றின் குடம்பிகளையும் உண்ணும் செடியோடு சேர்த்துத் தீட்டுவித்தார். அவற்றைத் தீட்டியவர்கள், பூங்காவின் ஓவியராக நெடுங்காலம் பணியாற்றிய ஆர்மனிசு டி அல்விசின் புதல்வர்களான வில்லியமும் ஜோர்ஜும் ஆவர். 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த இலங்கையின் செதிற்சிறகிகள் பற்றிய பெருநூலின் அட்டையிலோ, கிழக்கிந்தியக் கம்பனியின் அரும்பொருட்சாலையிற் பணியாற்றிய பிரெடெரிக் மூரின் பெயரே உள்ளது. எந்தப் புழு எந்த இலையிற் கிடக்கும் என்பதை ஓவியர்க்குக் காட்டிய சேகரிப்பாளர் எவர் என்பதை அறிய வழியில்லை. உழைப்புப் பிரிவினை அறிவுற்பத்தியிலும் இவ்வாறே அமைகின்றது: கையின் பெயர் அழிகின்றது, தலையின் பெயர் அச்சேறுகின்றது.

கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைநாட்டை ஆட்கொண்டபோது குடம்பிக்கு இன்னொரு பெயர் வாய்த்தது: பீடை. தோட்ட முதலாளிக்குத் தேயிலையை உண்ணாத புழு ஒரு பொருட்டன்று. இந்நிலையில் தேயிலை விளையாத, மலேரியா மிகுந்த வன்னி ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்திராமை எதிர்பார்க்கத்தக்கதே. 1942 இல் வெளிவந்து பல்லாண்டு காலம் தரநூலாக விளங்கிய இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலை எழுதிய வூட்ஹவுசு, தொழிலால் நில அளவை அதிபதி. ஜோர்ஜ் ஹென்றி அவருக்கு உறுதுணை. காடுகளை அளந்து எல்லைக்கல் நாட்டிய அதே திணைக்களத்தின் தலைவரே அக்காட்டின் பூச்சிகளையும் தொகுத்தார் என்பதில் தனிமனிதரைக் குறைகூற எதுவுமில்லை. நூல் சிறந்த நூலே. எனினும் அளத்தல், பெயரிடல், உரிமைகோரல் என்பன ஒரே நிருவாகத்தின் தொடர்செயல்களாக இருந்தன என்பதை இது உணர்த்துகின்றது. 2016 இல் மைக்கல், நான்சி வான்டர் பூர்ட்டன் இணையர் வெளியிட்ட நூல் வரையிலும் குடம்பிகளின் உணவுத் தாவரங்கள் பற்றிய முறையான தொகுப்புக்கு நாம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, முதிரை மரத்துக்குத் திரும்புவோம். பட்டுப்போல் மின்னும் அதன் மஞ்சள் வைரத்தை ஆங்கிலேயர் பட்டுமரம் என அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் செல்வர் மாளிகைகளில் இவ்வகை மரத்தாலான தளபாடங்கள் பெருவழக்காயின. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் மரமும், தொடர்ந்து இலங்கை, தென்னிந்திய முதிரையும் அங்கு சென்றன. 1833 இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலம் முதிரையாலேயே கட்டப்பட்டது. 1905 இல் அகற்றப்படும் வரை அது பெருந்தோட்டங்களுக்கான பாதையின் கண்ணியாக இருந்தது. மரத்தின் மதிப்பு உயர, அது நின்ற நிலத்தின் உரிமையும் வினாவுக்குள்ளாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உறுதியில்லாக் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதியது. 1885 இல் காட்டுக் கட்டளைச்சட்டம், 1897 இல் தரிசுநிலக் கட்டளைச்சட்டம், 1907 இல் மீண்டும் காட்டுக் கட்டளைச்சட்டம் என அடுத்தடுத்து வந்தன. வன்னியர் ஆட்சியின் இறுதி எதிர்ப்பு 1803 இல் பண்டாரவன்னியனோடு ஒடுக்கப்பட்டபின், அடங்காப்பற்று எனப்பட்ட நிலத்தை உண்மையில் அடக்கியவை இச்சட்டங்களே. ஜே. பி. லூயிசு 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல், அவ்வாறு அடக்கப்பட்ட நிலத்தின் கணக்கேடாகவும் வாசிக்கத்தக்கது.

குற்றத்தை ஆங்கிலேயர் மீது மட்டும் சுமத்தி நிறுத்துவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளின் நிலைகளும் கதவுகளும் வன்னி முதிரையைப் பெரிதும் நம்பியிருந்தன. வன்னியை நெற்களஞ்சியமாகவும் மரக்காலையாகவும் மட்டுமே கண்ட ஒரு மேட்டுக்குடி மனப்பான்மை நம்மவரிடையே நெடுங்காலம் நிலவியது. வன்னிப் பரியாரியின் ஏட்டையும் வேட்டைக்காரனின் காட்டறிவையும் தமிழறிவு என மதித்துத் தொகுக்க நம் கல்விமான்கள் முன்வராமைக்கும் இதுவே காரணம். முதிரையின் விலை தெரிந்த வீடுகளில் முதிரையிலையை உண்ணும் புழுவை எவரும் அறியார்.

நிருவாகிகள் சேனைப் பயிர்ச்செய்கையைக் காட்டழிவின் மூலகாரணமாகச் சாடினர். இரண்டோராண்டு பயிரிட்டபின் பல்லாண்டு தரிசாக விடப்படும் பழைய சேனையின் சுழற்சியை அவர்கள் கருத்திற் கொள்ளவில்லை. அவ்வாறு விடப்பட்ட நிலத்திலே முதலில் எருக்கலையும் ஆவரசும், பின்னர் குருந்து முதலிய பற்றைகளும் எழும். வெட்டப்பட்ட முதிரையோ அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் மீளத் துளிர்க்கும் இயல்பினது. வெளிச்சத்தை விரும்பும் மரம். பாப்பிலியோவுக்கு வேண்டுவது மாரிமழையோடு வரும் இளந்தளிர். ஆகவே அடர்காடு, பற்றை, சேனை, குளக்கரை, வளவு எனப் பல நிலைகள் அருகருகே நிலவிய பழைய வன்னி, குடம்பிகளின் பன்மைக்கு ஏற்ற நிலமாக இருந்தது. குடித்தொகை குறைந்திருந்தமையால் அச்சுழற்சி சாத்தியமாயிற்று என்பதையும், அக்குறைவுக்கு மலேரியாவும் வறுமையும் காரணம் என்பதையும் மறந்து அந்நிலையைப் பொற்காலமாக்குதல் கூடாது.

இருபதாம் நூற்றாண்டின் முதலிரு பத்தாண்டுகளில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டமும், நாற்பதுகளின் பின்னரான மலேரியாத் தடுப்பும் குடியேற்றத்தை விரைவுபடுத்தின. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்திக் குடியமர்ந்தன. தேயிலைத் தளிரைக் கிள்ளிய கைகள் முதிரைக் கட்டைகளைப் பிடுங்கின. அவர்களுட் பலருக்கு இன்றுவரை உறுதிப்பத்திரம் இல்லை. போர்க்காலத்தில் ஊர்கள் பலமுறை பெயர்ந்தன. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. ஆளற்ற வயல்களிலும் வளவுகளிலும் கண்ணிவெடிகளுக்கிடையே பற்றையும் இளமரமும் வளர்ந்தன.

திரும்பி வந்தோர் இங்கு ஒரு முரண்பாட்டைச் சந்தித்தனர். தம் வயல் என அவர்கள் காட்டிய நிலத்தைக் காடு என்றது அரசு. எல்லைக்கற்கள் மீண்டும் நாட்டப்பட்டன. 2015 இல் சுண்டிக்குளமும் மடுவீதியும் தேசியப் பூங்காக்களாயின. மறுபுறம், 1998 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக வகுத்த அதே முதிரை, போருக்குப் பிந்திய கட்டட வேலைகளின் தேவையால் கள்ளமாகத் தறிக்கப்பட்டு லொறிகளில் இரவோடிரவாகச் செல்கின்றது. பிடிபடுபவன் பெரும்பாலும் கூலிக்குத் தறித்தவன். மரத்தை வாங்கியவன் அல்லன். காட்டைக் காப்பதா, மக்களைக் காப்பதா என வினாவை அமைப்போர், இவ்விரண்டையும் ஒருசேர இழக்கச் செய்யும் சந்தையை வினாவுக்கு வெளியே வைத்துவிடுகின்றனர்.

இருபதாண்டு ஆளற்றுக் கிடந்த ஒரு காணியில், பழைய அடிக்கட்டையிலிருந்து எழுந்து ஆளுயரம் வளர்ந்த முதிரை நிற்கின்றது எனக் கொள்வோம். மாரியில் அது தளிர்க்க, பச்சைப்பட்டைப் பூச்சி அங்கு முட்டையிடும். திணைக்களத்தின் படத்தில் அது காடு. காணிக்காரிக்கு அது தன் கணவன் வெட்டித் திருத்திய மேட்டுநிலம். உழுந்து விதைப்பதற்கு வேண்டியது. வெட்டுவதாயின் எக்கட்டையை விடுவது, எத்தனை ஆண்டு தரிசு போடுவது, வேலியோரம் எம்மரத்தை நிறுத்துவது ஆகியவற்றைப் பழைய சேனைக்காரர் தம்முட் பேசியே தீர்மானித்தனர். அப்பேச்சின் சொற்களை அறிந்த முதியோர் சிலர் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் குமுழமுனையிலும் இன்னும் உள்ளனர். எந்தப் புழு எந்த இலையிற் கிடக்கும் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதுவது நம் தமிழ்ச் சங்கங்கள் உடனே தொடங்கக்கூடிய வேலை. அம்மேட்டுநிலத்தின் உறுதிப்பத்திரத்தை எவர் பெயரில் எழுதுவது என்பதோ சங்கங்களாலே தீர்க்கத்தக்கதன்று. அதற்குரிய போராட்டம் வன்னியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றது.